முதல் டிகாஷன்

தங்கபுஷ்பம் வாழ்க்கைப்பட்டு ராயபுரத்துக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. இந்த ஆறு மாதத்தில் அவளுக்குப் பிடிபடாத சங்கதி ஒன்றே ஒன்றுதான். புருஷன் வேதமாணிக்கம் தினமும் காலையில் காப்பி டம்ளரைத் தூக்கிக்கொண்டு எதற்காகக் கொல்லைப்பக்கம் போகிறான்?

மற்றபடி அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கல்மண்டபத்தில் கயிறு, வலைநூல், தூண்டில் முள் விற்கிற கடை. சாது மனுஷன். குழம்பில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு "நல்லாருக்கு" என்று எழுந்துபோகிற ரகம். இப்படி ஒரு புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது, நீங்களே சொல்லுங்கள். வாயைத் திறந்து திட்டினாலாவது எதையாவது திருத்தலாம்.

காப்பி விஷயத்தில் தங்கபுஷ்பம் சோம்பல்படுகிறவள் இல்லை. துறைமுகத்துச் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து கரி அடுப்பை மூட்டிவிடுவாள். பால்காரர் எருமையை வாசலிலேயே நிறுத்திக் கறந்து கொடுத்துவிட்டுப் போவார். பித்தளை ஃபில்டரின் மேலடுக்கில் பொடியைப் போட்டு, லேசாக அமுக்கி, கொதிக்கிற தண்ணீரை விட்டு மூடுவாள். டிகாஷன் சொட்டுச் சொட்டாக இறங்க இறங்க, அந்த வாசனைக்கு முன்னால் மீன் வாடையும் ரயிலடிக் கரிப்புகையும் இருந்த இடம் தெரியாது. அந்தக் கால்மணி நேரம் அவளை யாரும் எதற்கும் கூப்பிடக்கூடாது.

முதலில் இறங்கும் கெட்டி டிகாஷன் வேதமாணிக்கத்துக்கு. அதே பொடியில் மறுபடியும் வெந்நீர் விட்டு இறக்குகிற ரெண்டாம் டிகாஷன் அவளுக்கு. நாசரேத்தில் அவள் பிறந்த வீட்டில் அப்படித்தான், அக்கம்பக்கத்திலும் அப்படித்தான். முதலாவது ஆம்பளைகளுக்கு, ரெண்டாவது பொம்பளைகளுக்கு. இதை யாரும் சட்டமாக எழுதி வைக்கவில்லை. ஏன் என்று யாரும் கேட்டதும் இல்லை.

வேதமாணிக்கம் ஒரு வாய் குடிப்பான். "நல்லாருக்கு" என்பான். "கொஞ்சம் காத்தாட நிக்கேன்" என்று டம்ளரோடு கொல்லைக்குப் போவான். காலி டம்ளரோடு திரும்பி வந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கு ஓடுவான்.

ஒருநாள் அவன் கிளம்பிப் போனபிறகு, பக்கத்து வீட்டு ரஹீமுன்னிசா கொல்லைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். அவள் புருஷன் அலி அக்பர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். ராயபுரத்தில் எந்தச் சேதியும் அவள் காதுக்குத் தப்பிப் போனதாகச் சரித்திரம் இல்லை.

"இன்னாம்மே புஷ்பம், உன் வூட்ல காப்பி போட்றதில்லியா?"

"தினமும் போடுதேனே அக்கா. ஏன் கேக்கிய?"

"பின்ன இன்னாத்துக்கு உங்க வூட்டுக்காரு டெய்லி ஓட்டல்ல குந்திக்கினு காப்பி குடிக்கிறாரு? எங்க வூட்டுக்காரு ரெண்டு கண்ணால பாத்துட்டு வந்து சொல்றாரு. அதுவும் ரெண்டு டம்ளராம்!"

தங்கபுஷ்பத்துக்கு முகத்தில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்தாள். கல்யாணமாகி ஆறு மாதத்தில் புருஷன் ஓட்டலில் போய்க் காப்பி குடிக்கிறான் என்றால், இந்த வீட்டில் அடுப்பு எதற்கு, அவள்தான் எதற்கு? அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே ஆத்திரமும் வந்தது. நல்லவேளை, ஆத்திரம்தான் ஜெயித்தது. எந்த ஓட்டலில் என்னத்தைப் போட்டுக் கொடுக்கிறானோ, அதைவிட நல்ல காப்பியை இந்த வீட்டில் அவர் குடிக்க வேண்டும். அதுவும் என் கண்ணுக்கு முன்னால் குடிக்க வேண்டும்.

தன் டம்ளரில் மிச்சமிருந்ததை எடுத்து, முதல் தடவையாக நிதானமாக ருசித்துப் பார்த்தாள். சே! பாத்திரம் கழுவின தண்ணீரேதான். இதைக் குடித்தால் எந்த மனுஷன் வீட்டில் தங்குவான்? மூன்று கரண்டிப் பொடி போதவில்லை, வேறென்ன!

மறுநாள் நாலு கரண்டி போட்டாள். வேதமாணிக்கம் ஒரு வாய் குடித்தான். கண்ணை இறுக்க மூடித் திறந்தான். "நல்லாருக்கு" என்றான். கொல்லைக்குப் போனான். அவள் தன் பங்கை ருசித்துப் பார்த்தாள். இன்னும் தண்ணீராகத்தான் இருந்தது. அதற்கு மறுநாள் அஞ்சு கரண்டி, அப்புறம் ஆறு. பொடியைக் கட்டைவிரலால் அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள். சிக்கரி கொஞ்சம் கூடக் கலந்து வாங்கி வந்தாள். வார முடிவில் ரஹீமுன்னிசாவின் தலை மறுபடியும் சுவருக்கு மேலே தெரிந்தது.

"ஏம்மே, இப்போ மூணு டம்ளராமே!"

அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கபுஷ்பம் எட்டுக் கரண்டி போட்டாள். டிகாஷன் இறங்குவதற்கே அரைமணி நேரம் பிடித்தது. பாலை விட்டுக் கலந்தால் நிறம்கூட மாறவில்லை. நுரை பொங்க ஆற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரு வாய் குடித்தான்.

"நல்லாருக்கு. கொஞ்சம் காத்தாட..."

அவள் கொல்லைக் கதவுக்குக் குறுக்கே போய் நின்றுகொண்டாள்.

"காத்து இங்கேயே வருது. இப்பிடி உக்காந்து, என் முன்னாடியே குடிங்க அத்தான்."

வேதமாணிக்கம் அவளைப் பார்த்தான், டம்ளரைப் பார்த்தான். வேட்டியை ஒதுக்கிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தான். ரெண்டாவது வாய் குடித்தான். மூன்றாவது வாயில் அவன் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. அப்போதும் அந்த மனுஷன் "நல்லாருக்கு" என்றான்.

"நல்லாருந்தா ஓட்டல்ல போய் எதுக்கு மூணு டம்ளர் குடிக்கிய?" என்று தங்கபுஷ்பம் வெடித்தாள். "வாயைத் தொறந்து சொல்லுங்களேன்! என் காப்பிக்கு என்ன கேடு?"

அவன் டம்ளரைக் கீழே வைத்தான். பாவம், மூன்று வாய்க்கு மேல் அவனாலும் முடியவில்லை.

"கசக்குதுட்டி."

"கசக்குதா? தண்ணியாட்டம்லா இருக்கு! அதுக்குத்தான தினமும் ஒரு கரண்டி கூடப் போடுதேன்!"

"கூடப் போடுதியா? நாளுக்கு நாள் கடுமை ஏறுதேன்னு நெனச்சேன். என் மேல என்னமோ கோவம், அதான் இப்பிடிக் காட்டுதியோன்னு பயந்துட்டேன். உன்கிட்ட கேக்கவும் தைரியம் வரல." திடீரென்று நிமிர்ந்தான். "இரு, எது தண்ணியாட்டம் இருக்கு?"

அவள் தன் டம்ளரை நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். உதட்டைச் சப்பிப் பார்த்தான்.

"இது என்ன காப்பி?"

"ரெண்டாம் டிகாஷன். எனக்குள்ளது."

"அப்ப எனக்குத் தாரதை நீ குடிச்சுப் பாத்ததே இல்லையா?"

"முதல் டிகாஷனை நான் எப்பிடிக் குடிப்பேன்?"

வேதமாணிக்கம் தன் டம்ளரை எடுத்து அவள் கையில் திணித்தான். அவள் தயங்கினாள். பிறந்ததிலிருந்து பழகாத காரியம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் நிறையக் குடித்தாள்.

ஆண்டவரே! நாக்கிலிருந்து தொண்டைவரை வேப்பெண்ணெய் இறங்கின மாதிரி இருந்தது. முற்றத்துக்கு ஓடித் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தாள்.

"இதையா இத்தன நாளும் நல்லாருக்குன்னிய?"

"கொஞ்சந்தான் குடிச்சேன். மிச்சமெல்லாம் கொல்லைல ஊத்திட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிப்புத்தான் வந்தது. அவனும் சிரித்தான். இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் சுவருக்கு அப்பால் ரஹீமுன்னிசா, "இன்னாம்மே நடக்குது அங்க?" என்று கத்தினாள். பதில் சொல்லத்தான் யாருக்கும் மூச்சில்லை.

சிரித்து முடித்ததும் தங்கபுஷ்பம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஃபில்டரைத் தட்டிக் கழுவினாள். அடுப்பை விசிறினாள். மூன்று கரண்டி போட்டு இறக்கி, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். கொஞ்சம் பால், பிறகு இன்னும் கொஞ்சம். ஒரு கரண்டிச் சர்க்கரை, அப்புறம் அரை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். மாதாகோயிலில் முதல் மணி அடித்து ஓய்ந்தது. இருவரும் கோயிலுக்குக் கிளம்பவில்லை.

கடைசியில் ரெண்டு டம்ளரிலும் முதல் டிகாஷனையே ஊற்றி, ஒரே நிறத்தில் ரெண்டு காப்பி கலந்தாள். அடுப்படியிலேயே எதிரும் புதிருமாக உட்கார்ந்து குடித்தார்கள். கசப்பு இருந்தது, ஆனால் அது நாக்கைக் கடிக்கவில்லை. பாலின் கொழுப்பும் இனிப்பும் அதற்குப் பின்னாலேயே வந்தன. குடித்து முடித்த பிறகும் வாயெல்லாம் மணந்தது. தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடடா, காப்பி என்றால் இதுவா! அவள் கையால் போட்டது, அவளுக்கே தெரியவில்லையே!

வேதமாணிக்கம் காலி டம்ளரை மறுபடியும் நீட்டினான். "நல்லாருக்கு" என்றுகூடச் சொல்லவில்லை. அவளுக்கு அது போதும்.

மத்தியானம் அவள் ஒரு தபால் கார்டை எடுத்து நாசரேத்துக்கு எழுதினாள். கவரில் போடவில்லை. தபால்காரர் படித்தாலும் சரி, அப்பா படித்தாலும் சரி.

'அம்மா, கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம். நாளைக் காலையில் முதல் டிகாஷனை நீங்கள் குடியுங்கள். முப்பது வருஷமாக நீங்கள் என்ன காப்பி போடுகிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. அப்பா கேட்டால், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள்.'