தவலையில் சிவந்த பேரிக்காய்

அந்த மாசம் எனக்கு எல்லாமே நாத்தம். சொன்னா சிரிப்பீங்க, பானைத் தண்ணிகூட நாறிச்சு. பிள்ளையார்பாளையத்துல சாயம் போடுற வூட்டுல வாக்கப்பட்டவளுக்கு மசக்கை வந்தா எப்படி இருக்கும்னு எவனாச்சும் யோசிச்சுப் பாத்திருப்பானா? கொல்லையில பெரிய அண்டாவுல சாயம் ஏறாத பச்சைப் பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்டு வேகவெப்பாங்க. நூலு மேல இருக்கிற பசை கழண்டு தண்ணியில வரும். அந்தத் தண்ணி நாத்தம் இருக்குதே, செத்த எலிக்கு சோப்பு தேச்சுக் குளிப்பாட்டின மாதிரி இருக்கும். உவ்வே! இப்ப சொல்லும்போதே தொண்டைக்கு வருது.

சரி, அது கொல்லையில. வூட்டுக்குள்ள வந்தா அந்த வருசம் ரேஷன்ல போட்ட அரிசி. கொதி வந்தாலே சாக்கு நாத்தம். ஒரு வாய் வெச்சா ரெண்டு வாயா வெளிய வரும். கஞ்சி, மோரு, இட்லி எதுவும் தங்கல. கோயில்ல இருந்து மொளகும் சுக்கும் போட்ட இட்லியை யாரோ ஆசையா கொண்டாந்து குடுத்தாங்க, இலையைப் பிரிக்கிறதுக்குள்ள வாசலுக்கு ஓடினேன்.

இதுல சிரிக்க ஒண்ணுமில்ல. மொதல்ல ஒண்ணு உண்டாகி நாலாம் மாசத்துல கலைஞ்சு போயிருந்துச்சு. சாயத்தண்ணியில நூலு அலசினாளே, அதான்னு தெருவே சொல்லிச்சு. மெய்யோ பொய்யோ, என் மனசுல அது ஏறி உக்காந்துடுச்சு. இந்தத் தபா பட்டறைப் பக்கமே போகல. ஆனா வயித்துல ஒண்ணும் நிக்காம நான் எளைச்சுக்கினே வந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸம்மா என்னை நிறுத்துப் பாத்துட்டு மூஞ்சியைச் சுளிச்சாங்க. "இப்படியே போனா இந்தப் புள்ளையும் தங்காதும்மா"ன்னு நேராவே சொல்லிட்டாங்க. அவங்க கோத்தகிரிப் பக்கத்துக்காரங்க. பேரிக்காயைத் தோல் சீவி, கொட்டை எடுத்து, சக்கரை போட்டு வேகவெச்சு, கூழா மசிச்சு ஆறவெச்சுக் குடுங்க, எங்க ஊருல இதை சாஸ்னு சொல்லுவோம், எந்த மசக்கைக்காரிக்கும் இறங்கும்னு எங்க வூட்டுக்காருகிட்ட சொன்னாங்க.

எங்க வூட்டுக்காரு கண்ணாயிரம். நல்ல மனுசன்தான், யாரு இல்லேன்னது? ஆனா அந்தக் கை இருக்குதே! அந்த வாரம் பூரா அரக்குச் சாயம் போட்டுக்கினு இருந்தாரு. முழங்கை வரைக்கும் அரக்கு, நகத்துக்குள்ள அரக்கு. அதோட ஒரு பழக்கம் வேற. அண்டாவுல சாயம் கொதிக்கிறப்போ விரல்ல தொட்டு நாக்குல வெப்பாரு. புளிப்பு போதுமான்னு பாத்துட்டு 'தூ'ன்னு துப்புவாரு. அவங்க அப்பாவும் அப்படித்தானாம். பரம்பரைப் பெருமை! கண்ணாலமான புதுசுல ரசத்தையும் அப்படித் தொட்டு நக்கிட்டு அதே விரலை மறுபடி வுட்டாரு. அன்னைக்கே எனக்குக் குடல் பொரட்டிச்சு, அப்போ மசக்கைகூட இல்ல.

ரயில்வே ரோட்டுல தேடி அலைஞ்சு ஒரு பை பேரிக்காய் வாங்கியாந்தாரு. கடையில இருந்ததே அவ்வளவுதான், இனிமே எப்ப வரும்னு தெரியாதுன்னுட்டாங்களாம். அடுப்பங்கரையில புகை வந்தா நான் வாந்தி எடுப்பேன்னு, கொல்லையில சாய அடுப்புலயே வேகவெக்கிறேன்னாரு.

"யோவ், அந்த அடுப்புலயா?"

"அடுப்புல இன்னா இருக்குது? நெருப்புதானே? ஏனம் நம்ம சமையல் தவலைதான். போன மாசம்தான் ஈயம் பூசினது."

நான் கூடத்துல மூக்கைப் பொத்திக்கினு சாஞ்சிருந்தேன். அங்கிருந்து கொல்லை நல்லா தெரியும். தெரியாம இருந்திருக்கலாம். அந்த அரக்குக் கையாலயே தோலு சீவினாரு. கைய கழுவுய்யான்னு கத்தினேன். "கழுவினா போற நெறமா இது?"ன்னு திரும்பக் கத்தினாரு. ஒரு காயைப் பொளந்தா உள்ள புழு நெளியுது. நகத்தால அதை சுண்டி எறிஞ்சுட்டு மீதியை அப்படியே தவலையில போட்டாரு. "சுத்தி நல்லாத்தானே இருக்குது"ங்கிறாரு! வெட்டி வெச்ச துண்டெல்லாம் கறுத்துப்போய் வெத்தலை போட்ட பல்லு மாதிரி ஆயிடுச்சு. கறுப்பு போகட்டும்னு எலுமிச்சம்பழத்தைப் புழிஞ்சு வுட்டாரு.

சாயக்காரனுக்கு ஒரு வழக்கம், அடுப்பு மூட்டிட்டா சீக்கிரத்துல இறக்க மாட்டான். நெறம் ஊறணும், நூலு குடிக்கணும்னு பதம் பாத்துக்கினே நிப்பான். பேரிக்காய்க்கும் அதே கதைதான். காலையில ஏத்தினது, உச்சி வெயில் சாயுற வரைக்கும் சிம்முனு எரியுது. கிண்டுறாரு, தொடுறாரு, நக்குறாரு, துப்புறாரு. நடுவுல அவங்க அக்கா லோகாம்பாள் வந்தாங்க. எனக்கு அண்ணி முறை. வாய் நிறைய வெத்தலை. கரண்டியில எடுத்து ருசி பாத்து, "சக்கரை பத்தலடா தம்பி"ன்னு அதே கரண்டியைத் தவலைக்குள்ள வுட்டாங்க. எச்சில்! ஐயோ கடவுளேன்னு கண்ணை மூடிக்கினேன்.

ஆனா ஒண்ணு. கண்ணை மூடினப்போ அந்த வாசனை வந்துச்சு. சக்கரையும் பழமும் எலுமிச்சையும் சேர்ந்த வாசனை. எத்தனையோ நாளைக்கு அப்புறம் என் வாயில எச்சில் ஊறிச்சு, அதுவும் வாந்தி எச்சில் இல்ல, பசி எச்சில். எனக்கே நம்ப முடியல.

தவலையைத் துணியால புடிச்சுக்கினு வந்து என் முன்னாடி வெச்சாரு. மூடியைத் திறந்தாரு. உள்ள பார்த்தா, செவப்பு.

லேசா இல்ல, நல்ல செவப்பு. அந்த வாரம் அண்டாவுல கொதிச்ச அதே சாயத்துக்குத் தங்கச்சி மாதிரி. வெள்ளைக் காயை வேகவெச்சா செவக்குமா?

"சாயத்தைக் கலந்துட்டியேய்யா! மொதல் புள்ளையைத்தான் சாயம் தின்னுச்சு. இதையும் தின்னட்டும்னு பாக்கறியா?"

அவரு முகம் செத்துப்போச்சு. தவலையை உத்துப் பாத்தாரு. அவருக்கும் ஏன்னு புரியல, அது நல்லா தெரிஞ்சுது. "ஒரு சொட்டு சாயம் இதுல படலை வடிவு. ஆணையா சொல்றேன்."

"அப்போ இந்த நெறம் எங்கிருந்து வந்துச்சு? வானத்துல இருந்தா?"

"இரு, சாயமா இல்லையான்னு இப்பவே காட்டுறேன்." விருட்டுனு ஓடிப்போய் ஒரு பிடி வெள்ளைப் பட்டு நூலை எடுத்தாந்தாரு. "புளிப்பும் சூடும் இருக்கிற இடத்துல சாயம் இருந்தா பட்டு வுடவே வுடாது. குடிச்சுடும். எவ்வளவு அலசினாலும் போவாது." சொல்லிக்கினே, நான் ஐயோங்கறதுக்குள்ள, அந்த நூலைத் தவலைக்குள்ளயே முக்கினாரு.

ஏங்க, ஒரு கிண்ணத்துல கொஞ்சம் எடுத்து அதுல முக்கக் கூடாதா? அண்டாவையே பாத்துப் பழகினவனுக்குக் கிண்ணம் எங்க கண்ணுல தெரியும்? அந்தச் செத்த எலி நூலு! நான் திங்க வேண்டிய கூழுல! பொரட்டிப் பொரட்டி நல்லா ஊறவெச்சு எடுத்துக்கினு கெணத்தடிக்குப் போயி அலசிட்டு வந்தாரு. "பாரு, வெள்ளை."

வெள்ளையாத்தான் இருந்துச்சு. ஆனா நான் அப்போ நம்புற நெலையிலயா இருந்தேன்? "வேற நூலை எடுத்தாந்து காட்டினா எனக்குத் தெரியவா போவுது?"ன்னு கேட்டுட்டேன். அவரு நூலைக் கீழ போட்டுட்டு பட்டறைக்குப் போயிட்டாரு. லோகாம்பாள் அண்ணி என்னையும் தவலையையும் பாத்து, "கொட்டிடவா?"ன்னு கேட்டாங்க. போங்க அண்ணின்னு சொல்லிட்டேன்.

தவலையும் நானும்தான் மிச்சம். புழு, நாக்கு, வெத்தலை எச்சில், எலி நூலு எல்லாம் ஒவ்வொண்ணா ஞாபகத்துக்கு வருது. ஆனா அந்தப் பாழாப்போன வாசனை வேற வந்துக்கினே இருக்குது. வயிறு இழுக்குது. சாயம்னா புள்ளை போயிடும். திங்கலேன்னாலும் போயிடும்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க. நான் இன்னா பண்ணுவேன், சொல்லுங்க? அழுதுக்கினே விரல் நுனியில கொஞ்சூண்டு தொட்டு நாக்குல வெச்சேன். அந்த மனுசன் மாதிரியே! கருமம்.

இனிப்பு. கூடவே பல்லு இடுக்குல என்னமோ மாட்டிச்சு. இழுத்தா வருது, வருது, வந்துக்கினே இருக்குது. பட்டு நூலு! வாய்க்குள்ள இருந்து உருவுறேன், ஒடம்பு கூசுது, குமட்டல் கழுத்து வரைக்கும் வந்து நின்னுச்சு. வெளிய எடுத்து டம்ளர் தண்ணியில ஒரு தபா முக்கி, ஜன்னல் வெளிச்சத்துல புடிச்சேன்.

வெள்ளை. கிள்ளிப் போடக்கூட செவப்பு இல்ல. அவரு முக்கின பிடியில இருந்து கழண்டு, இவ்வளவு நேரமா அந்தச் சூட்டுக்குள்ளயே கெடந்த நூலு. யாரும் மாத்தி வெக்கல, யாரும் அலசல, என் வாயில இருந்து நானே எடுத்தது. அப்போ எலுமிச்சைப் புளிப்புல அவ்வளவு நேரம் வெந்து காய்தான் தானா செவந்திருக்குது.

அப்புறம் நான் கரண்டியைத் தேடல. கையாலயே வழிச்சு வழிச்சுத் தின்னேன். முடிச்சுட்டு வாசப்படிகிட்ட போய் உக்காந்தேன், எப்படியும் ஓடணுமேன்னு. ஓட வேண்டியதில்லாம போச்சு.

வெளக்கு ஏத்துற நேரத்துக்கு அவரு வந்தாரு. காலித் தவலையைப் பாத்ததும் தோள் தொங்கிப்போச்சு. "கொட்டிட்டியா? கடையில வேற காய் இல்லையே வடிவு."

நான் அந்த நூலை அவரு கையில வெச்சேன். "உன் நூலுதான்யா. என் வாயில இருந்து வந்துச்சு."

வெளக்குகிட்ட புடிச்சுப் பாத்தாரு. "சாப்ட்டியா?"

"ம்."

"தங்குச்சா?"

"தங்குச்சு."

அவரு கண்ணுல தண்ணி முட்டிச்சு. அந்த நேரத்துல பழக்க தோசம், கையில இருந்த நூலை அப்படியே நாக்குல வெச்சாரு.

"சீ! என் எச்சில்யா அது!"

அவரு துப்பல. ஊறின எச்சிலை முழுங்கிட்டு, அரக்குக் கையால கண்ணைத் தொடச்சுக்கினு சொன்னாரு: "புளிப்பு கம்மியா இருக்குது. அடுத்த தபா இன்னொரு எலுமிச்சம்பழம் புழியணும்."