பத்தாவது பெட்டி

வேலைக்குப் புறப்படும்போது வாசல் கம்பியில் தொங்கும் சாவிப்பெட்டிகளை எண்ணிவிட்டுத்தான் தெக்லா தெருவில் இறங்குவாள். எண்ணக்கூடாது என்று பலமுறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்திருக்கிறாள். எண்ணினால் அன்று முழுவதும் நெஞ்சு கரிக்கும். ஆனாலும் கண் அங்கேதான் போய் நிற்கும். உள்ளங்கை அளவுக் கறுப்பு இரும்புப்பெட்டி. நாலு எண்ணைத் திருகினால் திறக்கும், உள்ளே ஒரு சாவி இருக்கும். ஊர் பார்க்க வரும் யார் யாரோ திருகுவார்கள், மூன்று நாள் தங்குவார்கள், பெட்டியில் சாவியைப் போட்டுவிட்டுப் போவார்கள். புதிதாக ஒரு பெட்டி தொங்கினால், கட்டடத்திலிருந்து ஒரு குடும்பம் ஒழிந்தது என்று அர்த்தம்.

மொத்தம் பன்னிரண்டு வீடு. கோடையில் ஏழு பெட்டி இருந்தது. எதிர்வீட்டு கமிலா படியேற முடியாமல் இல்லை, படியில் பயணிகளின் பெட்டி உருளும் சத்தம் தாங்க முடியாமல் ஊர்க்கோடியில் இருக்கும் நோவா ஹூத்தாவுக்குக் குடிபோனாள். அது எட்டு. அக்டோபரில் ஒன்பது.

டிசம்பர் இருபத்துநாலாம் தேதி காலை நாலரை மணிக்கு எண்ணினாள். பத்து.

தப்பாக எண்ணிவிட்டோமோ என்று இன்னொரு தரம் எண்ணினாள். பத்துதான். நேற்றுவரை ஒன்பது போக மிச்சமிருந்தது மூன்று வீடு. கீழே பல் டாக்டர், மேலே வயலின் வாத்தியார், நடுவில் இவள். பல் டாக்டர் சாகும்வரை நகரமாட்டார். அப்படியானால் வயலின்காரன்தான். நேற்று மாலைகூடப் படியில் நின்று நல்லபிள்ளைபோல் பேசினானே! அவன் வயலின் தந்தி ஒவ்வொன்றாக அறுந்து விழ வேண்டும் என்று மனதாரச் சபித்துவிட்டு, பனியில் கால் வழுக்காமல் பணிமனைக்கு நடந்தாள்.

தெக்லாவுக்கு ஐம்பத்தாறு வயது. முப்பது வருடமாக கிராக்கோவில் டிராம் ஓட்டுகிறாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா போனபின் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அம்மா போனபின் வீடு அவளுக்கும் தம்பி செவெரினுக்கும் சரிபாதி என்று எழுத்தாயிற்று. செவெரின் போஸ்னானில் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிறான். வருடாவருடம் கிறிஸ்துமஸுக்கு இவள் அங்கே ரயிலேறுவாள், இருபத்தேழாம் தேதி திரும்புவாள். இந்த வருடம் கூட வேலைசெய்யும் பெண்ணின் குழந்தைக்குக் காய்ச்சல் என்று அவளுடைய முறையைத் தெக்லா வாங்கிக்கொண்டாள். நேற்று மாலைதான் தம்பி மனைவிக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொன்னாள்.

முழு உண்மை அதுவல்ல. போக மனமில்லை. நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு அம்மா அப்பா கல்லறையில் விளக்கேற்ற செவெரின் வந்திருந்தான். வீட்டை விற்றுவிடலாம் என்று பேச்செடுத்தான். இந்த ஊர் இனி குடியிருக்க லாயக்கில்லை, வந்து பார்த்துவிட்டுப் போகிறவனுக்குத்தான் என்றான். இவள் முடியாது என்றாள். வாய்ச்சண்டை ஆயிற்று. ஆனால் மறுநாள் இவள் வேலை முடிந்து வந்தபோது வீடு பளபளவென்று இருந்தது. ஜன்னல் துடைத்து, அம்மாவின் கட்டிலில் புதுவிரிப்புப் போட்டு, இவளுடைய செருப்பையும் மாத்திரை டப்பாவையும்கூட அலமாரிக்குள் வைத்திருந்தான். கோபக்காரன்தான், ஆனாலும் தங்கமானவன் என்று பணிமனையில் நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

ஓட்டும்போது போனை அணைத்துவைக்க வேண்டும் என்பது விதி. பகல் ஒரு மணிக்கு முறை முடிந்து போனைப் போட்டால் செவெரின் மூன்று தடவை கூப்பிட்டிருந்தான். கொஞ்ச நேரம் தவிக்கட்டும் என்று விட்டுவிட்டாள். முதல் நட்சத்திரம் தெரிந்து பண்டிகைப் பந்தி தொடங்கும் நேரத்தில் தானே கூப்பிட்டு, அவன் தபாலில் அனுப்பியிருந்த அப்பத்தகட்டைப் பிட்டுத் தின்றுகொண்டே சமாதானம் ஆகிவிடலாம் என்பது அவள் கணக்கு. காகிதம்போல் மெலிந்த வெள்ளை அப்பம் அது. பந்தியில் உட்காருமுன் ஆளுக்காள் பிட்டுக்கொடுத்து, வருடத்து மனத்தாங்கலையெல்லாம் மன்னித்துவிட வேண்டும். தூரத்தில் இருப்பவர்களுக்குத் தபாலில் போகும்.

நாலு மணிக்கு இருட்டிவிட்டது. பண்டிகை வழக்கப்படி மேஜையில் கொஞ்சம் வைக்கோல் பரப்பி, மேலே வெள்ளைத்துணி விரித்தாள். பன்னிரண்டு வகை செய்ய வேண்டும். தனியாளுக்கு எதற்கு என்று ஐந்தோடு நிறுத்திக்கொண்டாள். பீட்ரூட் சாறு, காளான் கொழுக்கட்டை, வறுத்த கெண்டை, உப்பில் ஊறிய மீன், கசகசா ரொட்டி. தட்டு மட்டும் இரண்டு வைத்தாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எதிர்பாராத விருந்தாளிக்கு. எல்லா வீட்டிலும் இந்த ராத்திரி ஒரு தட்டு அதிகம் இருக்கும். ஐம்பத்தாறு வருடத்தில் அந்தத் தட்டில் யாரும் சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை.

கதவுமணி அடித்தது.

வெளியே ஒரு புருஷன் பெண்டாட்டி, நாற்பது வயதிருக்கும். தோளில் பனி, பக்கத்தில் ஒரு பெட்டி. அந்த ஆள் தொப்பியைக் கழற்றி, "வணக்கம்மா, நாங்க வோம்ஜாலேர்ந்து வர்றோம். ரயில் லேட்டு. உள்ள வரலாங்களா?" என்றான்.

தெக்லாவுக்கு உடம்பு சிலிர்த்தது. எந்த வீடு, யாரைத் தேடி, எதுவும் கேட்கத் தோன்றவில்லை. இந்த ராத்திரியில் அதைக் கேட்பவள் மனுஷியே இல்லை. வாங்க வாங்க என்று கோட்டை வாங்கி மாட்டினாள். ஓடிப்போய் மூன்றாவது தட்டையும் எடுத்துவந்தாள். தம்பி அனுப்பியதைத் தொடாமல், கோயிலில் கொடுத்த அப்பத்தகட்டை மூவரும் பிட்டுக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கியது. தெக்லாவுக்கும் கலங்கியது.

அவன் பெயர் காயெத்தான், பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியார். மனைவி சபினா. பிள்ளைகள் இல்லை. பெற்றவர்கள் போனபின் ஒவ்வொரு கிறிஸ்துமஸும் ஒவ்வொரு ஊரில் என்று வைத்துக்கொண்டிருக்கிறார்களாம். சபினா ஒரு நோட்டை எடுத்துக் காட்டினாள். ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு கட்டம். பார்க்க எத்தனை மார்க், வாழ எத்தனை மார்க். ஜமோஷ்ச் பார்க்க ஒன்பது, சதுக்கம் கண்ணிலேயே நிற்கிறது, வாழ ஆறு, ஏழு மணிக்கு ஊர் படுத்துவிடுகிறது. தோருன் இரண்டுக்கும் எட்டு, தெருவெல்லாம் இஞ்சி ரொட்டி வாசம். கிதான்ஸ்க் பார்க்க ஒன்பது, வாழ ஏழு, காற்று ஆளைத் தூக்குகிறது. லூப்ளின்தான் வாழ ஒன்பது வாங்கியிருந்தது. அங்கே கடைக்காரி பெயர் கேட்டாளாம், மறுநாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம்.

"கிராக்கோவுக்குப் பாக்கப் பத்து, அதுல பேச்சே இல்ல," என்றான் காயெத்தான். "வாழறதுக்கு எத்தன போடலாம்னு நீங்கதான் சொல்லணும்."

"வாழறவங்க ரெண்டு வீடுதான் இருக்கோம். மேல்மாடிக்காரனும் வித்துட்டான் போல. கேக்க ஆளு குறைஞ்சுபோச்சு சார், சீக்கிரம் கேட்டுக்குங்க."

சிரித்தார்கள். அந்த நேரம் மேலிருந்து வயலின் கேட்டது. கிறிஸ்துமஸ் பாட்டு, எப்போதும் தவறும் அதே இடத்தில் தவறியது. வாத்தியார் போகவில்லை. அப்படியானால் பத்தாவது பெட்டி யாருடையது என்று தெக்லா ஒரு கணம் யோசித்தாள். காளான் கொழுக்கட்டை ஆறிவிடும் என்று எழுந்து பரிமாறப் போனாள்.

சபினா சாப்பாட்டை வாய் ஓயாமல் புகழ்ந்தாள். ஜமோஷ்சில் தங்கின விடுதியில்கூட இப்படி இல்லையாம். அப்புறம், கையைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டாள்.

"எங்க ரூம் எதுங்க? படத்துல பாத்தோமே, பச்சை விரிப்புப் போட்ட பெரிய கட்டில், அதானே?"

தெக்லாவுக்குப் புரியவில்லை. எந்தப் படம் என்றாள். காயெத்தான் போனை நீட்டினான். முதல் படத்தில் ஜன்னல். இரண்டாவதில் அம்மாவின் கட்டில். மூன்றாவதில் இந்த மேஜை, துடைத்துவைத்த மேஜை. ஒரு படத்திலும் அவளுடைய செருப்பு இல்லை, மாத்திரை டப்பா இல்லை. நவம்பரில் அந்தத் தங்கமானவன் எதற்கு வீடு துடைத்தான் என்று இப்போது தெரிந்தது. மேலே கொட்டை எழுத்தில், நாட்டுக்கே பிடித்த நகரத்தில் அசலான பழைய வீடு என்று எழுதியிருந்தான். ஆள் குடியிருக்கும் வீடு என்று எழுதவில்லை.

காயெத்தானுக்கு முகம் வெளுத்துவிட்டது. வீட்டுக்காரரிடமிருந்து காலையில் வந்த செய்தியையும் தேடிக் காட்டினான். சாவி வாசல் பெட்டியில் இருக்கிறது, எண் ஒன்று நாலு ஒன்று ஒன்று. ஆனால் மணி அடித்துவிட்டே போங்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் ஒருவர் இருப்பார், பண்டிகைச் சாப்பாடு அவர் பொறுப்பு.

தெக்லா அதை இரண்டு தடவை படித்தாள். ஒன்று நாலு ஒன்று ஒன்று. பதினாலாம் தேதி, பதினோராம் மாதம். அம்மா பிறந்தநாள்.

சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தான். பின்னால் பிள்ளைகள் பாடும் சத்தம்.

"அக்கா! காலைலேர்ந்து எத்தன தடவ கூப்பிட்டேன். எடுத்திருந்தா எல்லாம் சொல்லியிருப்பேன்ல."

"வீட்டப் பாத்துக்கற அம்மா யாருடா?"

அவன் கொஞ்சம் தடுமாறினான். பிறகு வழக்கமான குழைவு வந்துவிட்டது. நீ இங்கே வந்துவிடுவாய், வீடு நாலு நாள் சும்மாத்தானே கிடக்கும் என்றுதான் செய்தேன் என்றான். சாவியைக் கொடுத்து ஆளை விட்டுப் பெட்டி மாட்டவும் ஏற்பாடு ஆகிவிட்டது, நேற்றுச் சாயங்காலம் திடீரென்று வரவில்லை என்று நீ சொன்னால், நான் வந்துகொண்டிருக்கும் ஆட்களை என்ன செய்வது என்றான். குற்றம் மெதுவாக இவள் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது கைவந்த கலை. தெக்லாவுக்கும் ஒரு நொடி, நாம்தான் போனை எடுத்திருக்க வேண்டுமோ என்று தோன்றிவிட்டது. அப்படித் தோன்றியதை நினைத்து அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

"வருஷா வருஷம் காலித்தட்டு வெக்கிறியேக்கா," என்றான் செவெரின், சிரித்துக்கொண்டே. "இந்த வருஷம் ஆளு வந்தாச்சுல்ல? நீ எப்படியும் வெளிய தள்ளமாட்டேன்னு எனக்குத் தெரியும்."

அதுவரை அவளுக்கு இருந்தது வருத்தம். அது அங்கே தீர்ந்துபோயிற்று. வீட்டைத் திருடினான், போகட்டும். அம்மா பிறந்தநாளைப் பூட்டு எண்ணாக்கினான், அதுவும் போகட்டும். இவள் மனசில் எந்தப் பக்கம் ஈரம் இருக்கிறது என்று பார்த்து, அங்கேயே ஆணி அடித்திருக்கிறான். அவள் குரல் உயரவில்லை. கத்தினால் அவன் பிழைத்துவிடுவான். அக்காவுக்குக் கோபம், நாளைக்குச் சரியாகிவிடும் என்பான்.

"ஆமா, தள்ளமாட்டேன். அவங்க ரெண்டு பேரும் என் விருந்தாளி. நீ வாங்குனத அவங்களுக்கு இன்னைக்கே திருப்பி அனுப்புற. அந்தப் படத்தையெல்லாம் இன்னைக்கே எடுக்கற. விக்க என் கையெழுத்து வேணும், வாடகைக்கு விடவும் என் கையெழுத்து வேணும். ரெண்டும் நான் செத்தாலும் கிடைக்காது. கோர்ட்டுக்குப் போறதா இருந்தா போ. இருபத்தேழாம் தேதி பூட்ட மாத்தறேன். உனக்குச் சாவி கிடையாது."

"அக்கா, பாதி வீடு என்னோடது."

"பாதி உன்னோடதுதான். ஆனா இங்க நான் குடியிருக்கேன்டா. அத நீ எந்தப் படத்துல போட்ட?"

அவன் சின்னக் குரலில், அப்பம் பிட்டுட்டியா, இன்னைக்குப் போய் இப்படிப் பேசலாமா என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

வெளியே வந்தால் இருவரும் கோட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். சபினா அழுதுகொண்டே, ரயில் நிலையத்தில் உட்கார்ந்துகொள்கிறோம் என்றாள். தெக்லா கோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கித் திரும்ப மாட்டினாள்.

"தட்டு உங்களுக்கு வெச்சதுதான். சாப்பாடு முடியல, உக்காருங்க. காலைல வேற இடம் பாக்கலாம். ஆனா அம்மா கட்டில் கிடையாது. நான் அதுல படுத்துக்கறேன், நீங்க என் ரூம்ல படுங்க."

அலமாரியைத் திறந்து, நவம்பரிலிருந்து அங்கேயே வைத்துவந்த செருப்பையும் மாத்திரை டப்பாவையும் எடுத்து, கூடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தாள். பிறகு தம்பி அனுப்பிய உறையை எடுத்துக்கொண்டு, காயெத்தானைத் துணைக்குக் கூப்பிட்டுக் கீழே இறங்கினாள். வாசலில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாதாகோயில் கோபுரத்தில் மணிக்கொருதரம் ஊதும் எக்காளம், வழக்கம்போல் பாதியில் நின்றது.

எந்தப் பெட்டி என்று தேட வேண்டியிருக்கவில்லை. மற்ற ஒன்பதிலும் துரு ஏறியிருந்தது, ஒன்று மட்டும் புதுசு. காலையில் எவனைச் சபித்தோம் என்பது நினைவுக்கு வந்தது. மேலே பார்த்து, மன்னிச்சுடுங்க வாத்தியாரே என்று முணுமுணுத்தாள். ஒன்று, நாலு, ஒன்று, ஒன்று. விரல் விறைத்துப்போய் இரண்டு தரம் தவறியது. மூன்றாம் தரம் திறந்தது. உள்ளே செவெரினின் சாவி. பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் வைத்திருந்த சாவி, வளையத்தில் பல் போன பிளாஸ்டிக் முதலைப் பொம்மைகூட அப்படியே இருந்தது.

சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள். உறையைப் பிரித்து அப்பத்தகட்டை எடுத்தாள். தபாலில் வந்தும் முழுசாகவே இருந்தது. பெட்டிக்கு அது பெரிது. மடித்தால் உடையும், உடைத்தால் பகிர்ந்ததாகிவிடும். உறையோடு சேர்த்துப் பெட்டியின் பின்னால், கம்பிக்கும் பெட்டிக்கும் நடுவில், அலுங்காமல் செருகினாள். வந்து பார்த்தால், அதைப் பிட்டுக்கொள்ளாதது ஏன் என்று அவனுக்குப் புரியும்.

"கிராக்கோவுக்கு அந்த ரெண்டாவது கட்டம்," என்று காயெத்தான் தயங்கினான். "நாங்க காலியாவே விட்டுடறோம்மா."

"எதுக்குக் காலியா விடணும்? பூஜ்யம் போடுங்க," என்றாள் தெக்லா. "போட்டுட்டு, பக்கத்துல எழுதுங்க, இந்த வீட்ல ஆளு இருக்குன்னு. போன்ல காட்டுனீங்களே, அந்தப் படத்துக்குக் கீழயும் அதையே எழுதுங்க."

எழுதுகிறேன் என்றான். பெட்டியைச் சாத்தி எண்களைக் கலைத்துவிட்டு, அவள் முன்னால் படியேறினாள்.