முப்பது எண்ணும் வரை

வருடத்தில் எட்டு நாள் நானும் கடைக்காரன். முச்சந்திக் கம்பத்தில் ஐவிக் கொடியை ஒரு கொத்து வெட்டித் தொங்கவிட்டால், ராடோ வீட்டில் ஒயின் ஊற்றுகிறான் என்று விபாவா பள்ளத்தாக்கு முழுக்கத் தெரிந்துவிடும். ஊர் வழக்கப்படி, கொத்து தொங்குகிற வரை கதவைச் சாத்தக்கூடாது. வந்தவரை ஏன் வந்தாய் என்று கேட்கவும் கூடாது. இந்த முறை அதை முச்சந்தியில் கட்டவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு இரண்டு கிலோமீட்டர் நடந்து, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே கட்டினேன். மிலோய்கா பேக்கரி வேலைக்கு ஏழே முக்கால் பேருந்தில் போகிறாள். இரண்டு வருடத்துக்கு முன்புவரை அவள் என் மனைவி. அவள் வந்து ஒரு வாய் குடிக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

காரணம் இருக்கிறது. ஒயின் கெடாமல் இருக்க மற்றவர்கள் போடுகிற கந்தகத்தை நான் போடமாட்டேன். திராட்சை, அதன் தோல், பொறுமை, வேறெதுவும் கிடையாது. அப்படிச் செய்தால் சில வருடம் பீப்பாயில் எலி புகுந்துவிடும். நிஜ எலி இல்லை. முகர்ந்தால் தெரியாது, நாக்கில் பட்டாலும் தெரியாது. விழுங்கி முப்பது எண்ணுவதற்குள் தொண்டையிலிருந்து எலிக்கூண்டு வாடை மேலே ஏறும். அதுவும் எல்லோருக்கும் ஏறாது. சிலருக்குச் செத்தாலும் தெரியாது. ஒயின் செய்கிறவனாகப் பிறந்து நான் அந்த ரகம். தலையெழுத்து.

முப்பத்தோரு வருடம் இந்த வீட்டுக்கு நாக்கு மிலோய்காதான். விழுங்குவாள், காத்திருப்பாள். எலி இருந்தால், வாடையைப் போக்க அவள் கை தானாக ரொட்டித் துண்டுக்குப் போகும். மென்று முழுங்கிவிட்டு ஆரம்பிப்பாள்.

"யோவ் கிழவா, உன் பீப்பாய்ல எலி குடித்தனம் நடத்துது. வாடகையாவது கேட்டு வாங்கு."

கடைசியாக அவள் அப்படிச் சொன்னபோது முற்றத்தில் பத்து விருந்தாளிகள் இருந்தார்கள். எனக்கு மானம் போனது. "எலி ஒயின்ல இல்லடி, உன் வாய்லதான் இருக்கு" என்றேன். பத்து பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் தட்டுகளை எடுத்துக் கழுவி அடுக்கிவிட்டு, மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனாள். அந்த ஒயினை வீம்புக்குப் பாட்டிலில் அடைத்தேன். வாங்கின உணவகங்கள் எல்லாம் பெட்டி பெட்டியாகத் திருப்பி அனுப்பின. நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

இப்போது ஒரு பெரிய பீப்பாய் தயாராக நிற்கிறது. திங்கட்கிழமை பாட்டிலில் அடைக்க வேண்டும். எலி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. உள்ளங்கையில் தேய்த்து முகர்ந்து பார்த்தேன், என் கைதான் மணத்தது. பக்கத்துத் தோட்டத்துச் சிரிலைக் கேட்டால், அவன் நாற்பது வருடமாகப் புகை ஊதுகிறவன்.

"எனக்கு எல்லாம் ஒண்ணுதான் ராடோ. போன மாசம் காடியை எடுத்துக் குடிச்சுட்டு, புது ஒயினான்னு கேட்டேன், பொண்டாட்டி தலைல அடிச்சுக்கிட்டா."

டென்மார்க்கிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு மனதுக்குள் முப்பது எண்ணினேன்.

"இதுல உயிர் இருக்குங்க" என்றார் கண்ணாடிக்காரர்.

"வேற ஏதாவது இருக்கா?"

"மண்ணு இருக்கு. காத்து இருக்கு. ரொம்ப நன்றிங்க."

அவர் சொன்னதை வைத்து நான் என்ன செய்ய? அவர்கள் போன பிறகு பார்த்தால் ஒரு கிண்ணத்தில் பாதி அப்படியே இருந்தது. வயிறு நிரம்பியிருக்கலாம். எலியாகவும் இருக்கலாம். ஏழு நாளும் இதே கதைதான். அவித்த முட்டையும் பன்றித் தொடைக் கறியும் தின்றார்கள், புகழ்ந்தார்கள், படம் எடுத்தார்கள். மாலையில் மேசைகளைத் துடைக்கும்போது பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் இல்லை. மகராசிகள், மகராசன்கள், எவராவது என்னைத் திட்டியிருக்கக் கூடாதா?

எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மலைக்காற்று ஓட்டுக் கூரையைப் பிய்த்துக்கொண்டிருந்தது. நடுப்பகலுக்கு மிலோய்கா வந்தாள். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள்.

"கொத்தை ஏன் அங்க கட்டியிருக்க? அங்கேர்ந்து பார்த்தா யார் வீடுன்னே தெரியாதே."

"தெரிய வேண்டியவங்களுக்குத் தெரிஞ்சுடுச்சுல்ல."

லேசாகச் சிரித்தாள். பெரிய பீப்பாயிலிருந்து பிடித்து வந்து, ரொட்டித் தட்டையும் பக்கத்தில் வைத்தேன். குடித்தாள். விழுங்கினாள். நான் எண்ண ஆரம்பித்தேன். இருபத்திரண்டில் அவள் கை ரொட்டிக்குப் போனது.

சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. பீப்பாய் நாசமாகப் போகட்டும். திட்டப்போகிறாள். கிழவா என்று ஆரம்பிப்பாள், கந்தகத்தில் முடிப்பாள், நான் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்வேன். அவள் மெதுவாக மென்று முழுங்கினாள்.

"நல்லா வந்திருக்கு, ராடோ."

"மிலோய்கா, உண்மையைச் சொல்லு."

"உண்மையாத்தான். நல்லாருக்கு. ரொம்ப நன்றி."

டென்மார்க்காரர் சொன்ன அதே நன்றி. முப்பத்தோரு வருடத்தில் அவள் எனக்கு நன்றி சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய அவசியம் எங்களுக்குள் வந்ததில்லை.

"அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் பேசினது..."

"அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுபோச்சு. விடு. உடம்பைப் பாத்துக்க."

கிண்ணத்தில் பாதியை வைத்துவிட்டு எழுந்தாள். ரொட்டித் தட்டை மேசையின் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தாள், காற்றில் விழுந்துவிடக் கூடாதென்று. கதவு வரை கூடப் போனேன். திரும்பிப் பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை.

சாயங்காலம் கொத்தை இறக்கச் சிரில் துணைக்கு வந்தான். காற்றில் ஏணி நிற்க மறுத்தது.

"அப்ப நாளைக்குப் பாட்டில் கழுவ வந்துடவா?"

"வேண்டாம். பீப்பாய்ல எலி இருக்கு."

"அவ வந்துட்டுப் போனாளாமே. அவ சொன்னாளா?"

"இல்ல. நல்லாருக்குன்னு சொன்னா."

சிரில் ஏதோ கிண்டலுக்கு வாயெடுத்தான். பிறகு ஏணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். நான் மேலே ஏறிக் கயிற்றை அறுத்தேன்.