விருந்தாளி நாற்காலி

பல நாட்டுக் கதைப் புத்தகங்கள் ஒரு பெட்டி நிறைய வந்து இறங்கிய நாளிலிருந்து இரண்டாம் வகுப்பு டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைக் குடைந்து, வகுப்பில் புதிதாகச் சேர்ந்திருந்த சிறுமியின் நாட்டுக் கதை ஒன்றை எடுத்துவிட்டாள். வாயே திறக்காத அந்தச் சிறுமிக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் ஊமைக்கோட்டான். யாரும் அவளை விளையாட்டில் சேர்ப்பதில்லை.

எந்த நாட்டுக் கதையோ, அந்த நாட்டுப் பிள்ளை டீச்சர் பக்கத்தில் விருந்தாளி நாற்காலியில் உட்கார வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல எண்ணம்தான். நல்ல எண்ணத்தோடு செய்கிற காரியத்துக்குத்தான் யாரும் யாரையும் கேட்பதில்லையே.

கதையில் ஒருத்தி வாளியோடு மலை இறங்கி ஆற்றுக்குப் போகிறாள். படித்து முடித்ததும் டீச்சர், "இதுதான் இவளோட ஊரு" என்றாள்.

"நீ தினமும் தண்ணி எடுப்பியா?" என்று ஒரு பையன் கேட்டான்.

சிறுமி டீச்சரைப் பார்த்தாள். அந்த முகம் ஆசையோடு காத்திருந்தது.

"எடுப்பேன்."

"ஆத்துல முதலை இருக்குமா?"

"ரெண்டு இருக்கும்."

அவ்வளவுதான், இடைவேளையில் தண்ணீர் விளையாட்டு தொடங்கிவிட்டது. வாளியோடு முன்னால் போகிறவள் அவள். முதலையாகப் படுக்க ஒரே அடிதடி. டீச்சருக்கு வாயெல்லாம் பல்.

மறுவாரம் சிறுமியின் அம்மா வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"வீட்டுல குழாயைத் திறக்க விடமாட்டேங்கிறா டீச்சர். வாளியைத் தூக்கிக்கிட்டுப் படியில ஏறி இறங்குறா. அங்க நாங்க ஏழாவது மாடியில இருந்தோம். அவ ஆத்தைப் பார்த்ததே இல்ல. அவளை யாருன்னு சொல்லி வச்சிருக்கீங்க?"

அதற்குப் பிறகு டீச்சருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பலகையைத் துடைத்தாள். துடைத்ததையே மறுபடியும் துடைத்தாள். உண்மையைச் சொன்னால் பிள்ளை பொய்க்காரி ஆவாள். சொல்லாவிட்டால் காலத்துக்கும் வாளிக்காரி. சிறுமி எப்படியோ மோப்பம் பிடித்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லாதீங்க டீச்சர். இப்பதான் என்னைச் சேர்த்துக்கறாங்க."

ஆனாலும் மதியம் டீச்சர் அந்த விருந்தாளி நாற்காலியில் தானே போய் உட்கார்ந்தாள்.

"தப்பு என்னோடது. அது கதையில வர்ற பொண்ணோட ஊரு. இவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, இவ ஊருன்னு நான்தான் சொல்லிட்டேன்."

"அப்ப முதலை?"

"நான் கதை விட்டேன், அவளும் விட்டா."

முன்பல் விழுந்த ஒருவன் சிறுமி பக்கம் திரும்பினான். "அப்ப உங்க வீடு எப்படி இருக்கும்?"

"மாடி வீடு. லிஃப்ட் இருக்கும்."

"அவ்வளவுதானா?"

டீச்சருக்கு அவன் காதைப் பிடித்துத் திருக வேண்டும் போலிருந்தது.

அடுத்த இடைவேளையிலும் தண்ணீர் விளையாட்டு நடந்தது. வாளி வேறொருத்தி கையில். முதலைகள் பழைய முதலைகளே. சிறுமி சுவரோரம் தனியாக நின்றாள். டீச்சர் பக்கத்தில் போய் நின்று, மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் சிறுமி கேட்டாள்.

"லிஃப்ட் விளையாட்டுன்னு ஒண்ணு இருக்கா டீச்சர்?"

"தெரியலையே. எத்தனை பேர் வேணும்?"

சிறுமி அவளை மேலும் கீழும் அளந்தாள். "நாலு பேர் நிக்கலாம். நீங்க ஏறினா மூணு பேர்தான்."

இருவரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

"கதவை மூடலாமா?" என்றாள் டீச்சர்.

சிறுமி மைதானத்தைப் பார்த்தாள்.

"இருங்க டீச்சர். இன்னும் ஒருத்தர் வரட்டும்."