நோட்டில் இருந்த சாப்பாடு

தையல்காரரின் நோட்டில் ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாடு வரை எழுதியிருந்தது. அன்று வெள்ளிக்கிழமை காலை.

நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சனி மதியம் ஒரு கை சோறு, அரைத் தட்டு காய், பயறு. ஞாயிறு இரவு இரண்டு ரொட்டி, கீரை. இன்னும் யாரும் சமைக்காத சாப்பாடு, முத்து முத்தான கையெழுத்தில்.

"நேத்து சாயங்காலம் மெஷின் மேலயே சரிஞ்சு கிடந்தார் மேடம். சட்டையெல்லாம் வேர்வை. பக்கத்துக் கடைக்காரர் சர்க்கரைத் தண்ணி குடுத்துதான் தெளிஞ்சார்" என்றாள் அவர் மகள்.

இந்த மருத்துவமனையில் சர்க்கரை நோயாளிகளுக்கு என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்வதும், சாப்பிட்டதை அவர்கள் எழுதிவரும் நோட்டை வாராவாரம் பார்ப்பதும் என் வேலை. ஒரு நாளைக்கு இருபது பேர். யாரையும் திட்டுவதில்லை என்பது என் கொள்கை. திட்டு வாங்கியவர் மறுபடி வரமாட்டார். மனைவி இறந்த மறுமாதம் வந்த தையல்காரர் முதல் வாரம் பன்னும் டீயும் என்று எழுதியிருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் பக்கம் முழுக்கக் காய்கறி. "அசத்திட்டீங்க" என்று பச்சை மையில் நட்சத்திரம் போட்டேன். அதன்பின் வாராவாரம் நட்சத்திரம்தான். சர்க்கரை மட்டும் இறங்கவில்லை. "இவ்வளவு ஒழுங்கா சாப்பிட்டும் இப்படியா?" என்று டாக்டர் ஊசி மருந்தின் அளவை இரண்டு முறை ஏற்றினார். இரண்டு முறையும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன்.

இப்போது எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம் போல எல்லாம் எங்கோ தள்ளி இருந்தது.

"ஐயா, நேத்து நிஜமா என்ன சாப்பிட்டீங்க?"

"நோட்டுல இருக்கேம்மா."

"நோட்டுல ஞாயித்துக்கிழமையும் இருக்கே."

அவர் சட்டைப் பித்தானைத் திருகினார். "திங்கக்கிழமையே மொத்தமா எழுதிருவேன். நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. அப்புறம் பன்னுன்னு எழுத மனசு வரல."

"அப்ப நான் தெனம் கட்டிக் குடுக்கிற டப்பா?" என்றாள் மகள்.

"கடை வாசலுக்கு ஒரு நாய் வரும்."

"அதான் அது கன்னுக்குட்டி மாதிரி ஆயிடுச்சா?"

யாரும் சிரிக்கவில்லை.

"நேத்து டீ கூடக் குடிக்கல" என்றார் அவர், மேசையைப் பார்த்து. "காலைல ஊசி மட்டும் தவறாமப் போட்டேன். ஒத்தத் தட்ட முன்னால வச்சு உட்கார்ந்தா தொண்டைல எறங்க மாட்டேங்குதும்மா."

நான் டாக்டருக்குப் போன் செய்தேன். நோட்டில் இருப்பது பொய், சரிபார்க்காதது என் தப்பு, ஊசி அளவைக் குறைக்க வேண்டும் என்றேன். "உடனே அனுப்புங்க. அதுக்கு முன்னாடி கால்ல புண் ஏதும் இருக்கான்னு பாருங்க" என்றார்.

நர்ஸ் அவரது காலுறையைக் கழற்றினாள். பெருவிரலுக்குக் கீழே ஒரு குண்டூசி குத்தி நின்றது. சுற்றிலும் சிவந்து, ஓரத்தில் சீழ்.

"ஐயோ, எத்தனை நாளா?" என்றாள் மகள்.

"கடைல கீழ கிடந்ததா இருக்கும்" என்றார் அவர், யாரோ ஒருவர் காலைப் பற்றிப் பேசுவதுபோல.

நர்ஸ் குண்டூசியை எடுத்துவிட்டுப் புண்ணைத் துடைத்துக் கட்டினாள். பிறகு உணர்ச்சி பார்க்கும் நைலான் இழையை எடுத்தாள். உணர்ச்சி போன கால் புண்ணை மறைத்துவிடும். புண் முற்றினால் விரல் போகும், விரலோடு பாதமும். மிதிக்கப் பாதம் இல்லாவிட்டால் மெஷின் இல்லை. அது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

"கண்ணை மூடிக்குங்க. இழை பட்டா சொல்லணும்."

மூடிக்கொண்டார். நர்ஸ் இழையைக் காலருகே கொண்டுபோனாள்.

"தெரியுது" என்றார்.

"இன்னும் தொடவே இல்லீங்கய்யா" என்றேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். நானும் பாராட்டாமல், திட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மறுபடி கண்ணை மூடினார். மகள் குனிந்தாள். இழை அவரது பெருவிரலில் பட்டு, வில்லாக வளைந்து நின்றது. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.

"இன்னும் தொடலையாம்மா?" என்றார்.