குதிகால் சத்தம்

அக்கா வேலை பார்க்கும் காது பரிசோதனை அறைக்கு மதிய இடைவேளை ஒரு மணிக்கு. அதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதே தம்பி வந்து நின்றுவிட்டான். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, உறைக்குள் நான்கு பக்கப் படிவம். படிவம் வரப்போகிறது என்பது அக்காவுக்குக் காலையிலேயே தெரியும். அவள் வீட்டுக்காரர் தன் பங்குக்கு நேற்றே கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்று பல் தேய்த்துக்கொண்டே செய்தியைச் சொன்னார். "கையெழுத்துதானே கேட்டான், கிட்னியா கேட்டான்? நீயும் போட்டுடு. விருது விழாவுல முன் வரிசையில ரெண்டு சீட்டாம்."

ஒரு காலத்தில் இந்த மூன்று பேரும் சேர்ந்து ஓர் இசைக்குழு நடத்தினார்கள். தம்பி பாடினான். வீட்டுக்காரர் டிரம்ஸ் அடித்தார். அக்கா கீபோர்டு வாசித்தாள். மெட்டுப் போட்டவளும் அவளே. நான்கு பாட்டுகள் ஓகோவென்று ஓடின. அவை வந்த கேசட்டின் அட்டையில் அவள் பெயர் கிடையாது. "யார் பேரும் வேணாம், குழுப் பேர் போதும். நமக்குள்ள நீ பெரிசு நான் பெரிசுன்னு எதுக்கு?" என்று அன்று சொன்னவன் தம்பிதான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வருடம் கழித்து, கொஞ்ச நாள் தனியாகப் பாடிப் பார்க்கிறேன் என்று போனான். போனவன் போனவன்தான்.

இப்போது ஒரு இசைக் கழகம் அவனுக்குத் 'தனிப் பாடகர்' விருது கொடுக்க இருக்கிறது. பத்துப் பாட்டாவது தனியாகப் பாடியிருக்க வேண்டும் என்பது விதி. அவனிடம் இருப்பது ஆறு. அதில் ஐந்தை அவனே மறந்துவிட்டான். மீதி நான்குக்குக் குழுவின் பாட்டுகளைச் சேர்க்கலாம், ஆனால் மற்ற இருவரும் 'இப்பாடல்களில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை' என்று எழுதித் தர வேண்டும்.

"பங்கு இல்லைன்னா? நான் அங்க என்ன, விசிறிக்கிட்டு இருந்தேனா?" என்றாள் அக்கா.

"அக்கா, கோவப்படாம கேளு. பாட்டுன்னா ஜனங்க காதுல விழறது எது? குரல். அது யாரோடது?"

"உன்னோடது."

"அவ்வளவுதான். தெருவுல போறவன்கிட்ட கேளு, என் பாட்டுன்னுதான் சொல்லுவான்."

"தெருவுல போறவனுக்கு மெட்டு யார் போட்டான்னு தெரியாது. தெரியாம பாத்துக்கிட்டவன் நீ."

"பழசையெல்லாம் ஏன் கிளறுறே? நீ அப்புறம் ஒரு மெட்டாவது போட்டியா? விட்டுட்டு இங்க வந்து காது பாக்கிறே. நான் விடலியே."

பதில் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் கண் அவன் காதில் போய் நின்றது. அது தொழில் பழக்கம். முடிக்குப் பூசிய சாயம் காது மடலிலும் ஒட்டியிருந்தது. துடைத்துவிட யாரும் இல்லை போலிருக்கிறது. சரி, இவனுக்காவது ஒன்று கிடைக்கட்டும் என்று பேனாவைத் திறந்தாள்.

அவளைப் பேனாவோடு பார்த்ததும் தம்பிக்கு வாய் நிற்கவில்லை. "விழாவுக்காகப் பழைய பதிவையெல்லாம் சுத்தம் பண்ணிட்டாங்கக்கா. மேடையில பழைய குரலை எடுத்துட்டு இசையை மட்டும் ஓட விடுவாங்க, நான் அது மேல பாடணும். முழுசா ஒருதரம் கேளு, கண்ணாடி மாதிரி இருக்கு."

பரிசோதனை ஹெட்போனை அவன் போனில் மாட்டிக் கேட்டாள். முதல் பாட்டு. முன்னிசை முடிந்தது. அவள் காத்திருந்தது வரவில்லை.

தம்பிக்கு என்றைக்குமே எடுப்புத் தெரியாது. எந்த இடத்தில் வாயைத் திறப்பது என்று திணறுவான். அதற்காக அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பல்லவிக்கும் ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் மரத்தரையில் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டுவாள். அது பதிவிலும் மெல்ல விழுந்திருந்தது. மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த சத்தம். மற்ற மூன்று பாட்டுகளையும் ஓட்டிப் பார்த்தாள். எதிலும் இல்லை.

"என் கால் எங்கடா?"

"அது இரைச்சல்னு எடுத்துட்டாங்க." தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "அதைப் பத்தித்தான் இன்னொண்ணு கேக்கணும். விழா அன்னைக்கு நீ கொஞ்சம் வரணும். திரைக்குப் பின்னாடி ஒரு ஸ்டூல், மரப்பலகை, சின்ன மைக், எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். நீ தட்டினா என் காதுல மட்டும் விழும். சபைக்குக் கேக்காது."

"அப்போ முன் வரிசை சீட்டு?"

"மாமா உக்காரட்டும்."

அக்கா படிவத்தைத் தன் பக்கம் இழுத்தாள். நான்கு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டாள். தேதி எழுதினாள். மேசைத் துணியில் மை படாமல் ஊதிக் காயவைத்து, பக்க வரிசை சரிபார்த்து, உறைக்குள் போட்டு நீட்டினாள்.

"இந்தா. ஸ்டூல் வேணாம்னு சொல்லிடு."

"ஏன்?"

"பங்கு இல்லாதவளுக்கு அங்க என்னடா வேலை?"

"விளையாடாதேக்கா. எனக்கு எடுப்பு வராதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும். அதுலயும் எனக்குப் பங்கு இல்லைன்னு இப்பதானே எழுதிக் குடுத்தேன்."

சிரிப்பாள் என்று கொஞ்ச நேரம் பார்த்தான். அவள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். "நீ இல்லாட்டி முடியாதுன்னு நினைச்சியா? இதோ பாரு" என்று போனை எடுத்துக்கொண்டு, அறை மூலையில் இருந்த பரிசோதனைக் கூண்டுக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினான்.

அந்தக் கூண்டிலிருந்து சத்தம் வெளியே வராது. கண்ணாடி வழியாக அவன் வாய் மட்டும் தெரிந்தது. திறந்தது, மூடியது. போனைத் தட்டி முதலிலிருந்து வைத்தான். மறுபடி திறந்தது, பாதி வரி தாண்டி. மறுபடி முதலிலிருந்து.

மேசைக்கு அடியில் அவள் குதிகால் தானாக எழும்பியது. அதை நாற்காலிக் காலுக்குப் பின்னால் கோத்து இறுக்கிக்கொண்டு, அக்கா சாப்பிட்டு முடித்தாள். இரண்டு மணிக்கு எழுந்து போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"வெளிய வா. அடுத்த டோக்கன் வந்தாச்சு."