பதினொன்று

எனக்குக் காலை ஷிப்ட், என் வீட்டுக்காரர் இளம்பரிதிக்கு மதிய ஷிப்ட். ஓசூர் சிப்காட்டில் நாங்கள் இருவரும் காண்ட்ராக்ட் ஆட்கள். எங்களுக்கு ஷிப்ட் மாறாது. நான் திரும்பும்போது அவர் போயிருப்பார். அவர் வரும்போது நான் தூங்கியிருப்பேன். கல்யாணமாகி ஒரே அறையில் இருக்கிறோம் என்பதற்குச் சாட்சி கொடியில் காயும் சட்டைதான்.

இந்த மாதம், செத்துப்போய் விண்வெளியில் சுற்றும் ஒரு ராக்கெட் துண்டு ஏழு மணிவாக்கில் வடக்கே கடந்துபோகிறது. சுழன்றுகொண்டே போவதால் விட்டுவிட்டு மின்னும். போனில் ஒரு ஆப்பில் பார்த்து நான்தான் யோசனை சொன்னேன்: நான் மொட்டை மாடியில், அவர் டீ பிரேக்கில், எத்தனை முறை மின்னுகிறது என்று தனித்தனியாக எண்ணி வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். தினமும் நான் முதலில் அனுப்புவேன். "எனக்கும் அதேதான்" என்று பதில் வரும். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் தனியாகச் சோறு தின்பேன்.

பதினெட்டு நாளும் "அதேதான்". கம்பெனியில் என் வேலை, செய்த பீஸை அளந்து தாளில் குறிப்பது. வரிசையாக ஒரே அளவு இருந்தால் அளக்காமல் எழுதியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவேன். புருஷன் விஷயத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஊரே மூழ்குகிற மழை. வானம் என்று ஒன்று இருந்ததற்கே அடையாளமில்லை. நான் வேண்டுமென்றே "பதினொன்று" என்று அனுப்பினேன்.

"எனக்கும் அதேதான்."

 இத்தனை நாளும் அந்த மாடியில் நான் ஒருத்தியாகத்தான் நின்றிருக்கிறேன்.

ஞாயிறு காலை டீயைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "ஒரு நாளாவது வெளிய வந்து பாத்தீங்களா?"

அவர் டம்ளரையே பார்த்தார். "லைன்ல ஆளு கம்மி புள்ள. டீயே மெஷின்கிட்ட வந்துருது. போனை மட்டும் ஒளிச்சு வெச்சுப் பாப்பேன்."

"அப்புறம் பொய் எதுக்குச் சொன்னீங்க?"

"நீ அங்க தனியா எண்ணிட்டு இருப்பியேன்னுதான்."

திட்ட வாயெடுத்தேன், அழுகைதான் வந்தது. சாயங்காலம் கையைப் பிடித்து மாடிக்கு இழுத்துப் போனேன். சரியாக ஏழு ஆறுக்கு வடக்கே மின்னியது. நான் மனசுக்குள் எண்ண ஆரம்பித்தேன்.

"பாத்துட்டேன், பாத்துட்டேன்!" என்றார். திரும்பிப் பார்த்தால், அவர் கிழக்கே செல்போன் டவரின் சிவப்பு விளக்கைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தாடையைப் பிடித்து வடக்கே திருப்பினேன். அதற்குள் அது போய்விட்டது.

"எத்தனை வந்துச்சு?" என்று கேட்டேன்.

வெறும் வானத்தை அண்ணாந்து பார்த்தார்.

"மொதல்ல நீ சொல்லு," என்றார்.